வழிபாட்டிடங்களும் காவல் மரபும்: புனே நகரை மையமிட்ட ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வழிபாட்டிடங்களுக்கு நேரும் வன்முறை அச்சுறுத்தலும் அதனின்று அவற்றைக் காக்கும் முயற்சியும் இந்தியச் சமூக வரலாற்றில் நீண்ட தொடர்ச்சி உடையவை. படையெடுப்புக் காலங்களில் எந்தக் கோயில் இடிக்கப்பட்டது, யாரால் இடிக்கப்பட்டது என்னும் வினாக்களே பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. எந்தக் கோயில் எவ்வாறு காக்கப்பட்டது, காத்தவர் யாவர் என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. அழிவு கண்ணுக்குத் தெரிவது. காவல் வெற்றிபெற்ற இடத்தில் தடயம் ஏதும் எஞ்சுவதில்லை. காவலின் வரலாறு மங்கிக் கிடப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

மராட்டிய மாநிலத்தின் புனே நகரம் இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைகிறது. 17-ஆம் நூற்றாண்டில் முற்றாக அழிக்கப்பட்டு, ஒரு கோயிலை முன்னிறுத்தி மீண்டும் குடியேற்றப்பட்ட ஊர் என்று மரபு கூறும் நகரம் அது. 21-ஆம் நூற்றாண்டில் கோயில், யூதத் தொழுகைக்கூடம் ஆகியவற்றின் மீதான அச்சுறுத்தலை எதிர்கொண்டதும் அதே நகரம். புனேயின் வரலாறு செஞ்சி, தில்லை, தஞ்சை ஆகிய தமிழகத் தலங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பதும் கருதத்தக்கது. எனவே புனேயை மையமாகவும் தமிழகம், ஈழம் ஆகியவற்றை ஒப்பீட்டுக் களங்களாகவும் கொண்டு, வழிபாட்டிடக் காவலின் இயல்பு காலந்தோறும் எவ்வாறு மாறியது, மாறாது நின்ற கூறு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலைத் திருமேனியும் உலாத் திருமேனியும்

தமிழகக் கோயில்களில் கருவறையில் நிலைபெற்ற மூலவர், வீதியுலாவுக்கு உரிய உற்சவர் என இருவகைத் திருமேனிகள் அமைந்துள்ளன. சோழர் காலத்தில் செழித்த செப்புத் திருமேனிக் கலை விழாக்களின் தேவைக்கு உருவானது. ஆயின் போர்க்காலத்தில் அது வேறொரு பயனையும் தந்தது. கல்லால் ஆன மூலவரைப் பெயர்ப்பது அரிது. தோளில் சுமந்து உலாக் கொண்டுசெல்லும் உற்சவரை அதே தோளில் சுமந்து அயலூருக்கும் கொண்டுசெல்ல இயலும். விழாவுக்கான ஏற்பாடு இடர்க்காலத்தில் காவலுக்கான ஏற்பாடாயிற்று.

இதற்குத் திருவரங்கம் தலைசிறந்த சான்று. 1323-இல் தில்லிப் படை நெருங்கியபோது மூலவர் சன்னிதி கற்சுவரால் மறைக்கப்பட்டதையும், உற்சவரான அழகிய மணவாளரைப் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் தெற்கு நோக்கி எடுத்துச் சென்றதையும் கோயிலொழுகு கூறுகிறது. பல ஊர்களிலும் திருமலையிலும் செஞ்சிப் பகுதியிலும் தங்கிய அத்திருமேனி, 1371-இல் விசயநகரப் பேரரசின் அதிகாரியான கோபணாரியரால் மீண்டும் எழுந்தருளச் செய்யப்பட்டது. மூலவருக்குச் சுவரும் உற்சவருக்குப் பயணமுமாக இருவகைக் காவலும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி இது.

மராட்டிய நாட்டு மரபிலும் இதற்கு இணையான செய்திகள் உள்ளன. பண்டரிபுரத்து விட்டலர் திருமேனி கிருட்டிணதேவராயரால் விசயநகரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது என்றும், ஏகநாதரின் முன்னோரான பானுதாசர் அதனை மீட்டுவந்தார் என்றும் வார்க்கரி மரபு நம்புகிறது. இதன் வரலாற்று உண்மை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் தெய்வம் இடம்பெயர்ந்தும் மீளும் என்னும் கருத்து அம்மரபில் ஆழ வேரூன்றியிருப்பதை அது காட்டுகிறது. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கும் தேகுவிலிருந்து துக்காராமர் பல்லக்கும் ஆண்டுதோறும் புனே நகர் வழியாகப் பண்டரிபுரம் செல்கின்றன. தெய்வத்தின் அடையாளத்தைத் தோளிலும் தேரிலும் கொண்டுசெல்லும் இவ்வழக்கம் தமிழக உலா மரபோடு ஒப்புநோக்கத்தக்கது.

புனேயும் செஞ்சியும்

1630-களின் தொடக்கத்தில் பீசப்பூர் அடில்சாகி அரசின் படைத்தலைவர் முராரி சகதேவ் புனேயை அழித்தார். மாளிகைகள் எரிக்கப்பட்டன. ஊர் இனித் தழைக்கலாகாது என்பதன் அடையாளமாகக் கழுதை பூட்டிய ஏரால் நிலம் உழப்பட்டது என்பர். பகைவர் ஊரை அழித்துக் கழுதை ஏர் பூட்டி உழுதலைச் சங்க இலக்கியமும் பேசுவதால், இவ்வழக்கம் தமிழறிஞர்க்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்குப் பின், சாகச்சியின் துணைவியார் சீசாபாய் இளவயதுச் சிவாசியுடன் புனேக்கு வந்து ஊரை மீளக் குடியமர்த்தினார். அப்போது எழுப்பப்பட்டதாக மரபு கூறும் கசபா கணபதி கோயிலே இன்றும் புனேயின் முதன்மைக் கோயிலாகக் கருதப்படுகிறது. விநாயகர் கரைப்பு ஊர்வலத்தில் முதலிடம் அதற்கே உரியது. அழிந்த ஊருக்கு மக்கள் திரும்பி வருவதற்கு ஒரு வழிபாட்டிடம் உறுதிமொழியாக நின்றது என்பதை இம்மரபால் அறியலாம்.

புனேயைச் சாகீராகப் பெற்றிருந்த சாகச்சி, பின்னர்ப் பீசப்பூர்ப் படையுடன் தென்னாடு வந்தார். 1648-இல் அப்படை செஞ்சியை முற்றுகையிட்டது. அவ்வாண்டு சூலையில் அப்பாசறையிலேயே சாகச்சி தம் மேலதிகாரியால் சிறைப்பிடிக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் செஞ்சி வீழ்ந்தது. அதே 1648 திசம்பரில் தில்லைக் கூத்தப்பெருமான் திருமேனி சிதம்பரத்தை விட்டு அகற்றப்பட்டது. குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைவாகப் போற்றப்பட்ட அத்திருமேனி 1686 நவம்பரில்தான் தில்லைக்கு மீண்டது. ஏறத்தாழ 38 ஆண்டுகள் பொன்னம்பலம் தன் கூத்தனை இழந்திருந்தது.

அந்த மீட்சிக்கு உதவியவர் யாவர் என்பது இங்குக் கருதத்தக்கது. சிவாசி 1677-இல் செஞ்சியைக் கைப்பற்றிய பின் அப்பகுதி மராட்டியர் ஆட்சிக்கு வந்தது. சிவாசியின் மகன் சம்பாசியின் காலத்தில், 1684, 1686 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த செப்பேடுகள் தில்லைக் கோயிலின் திருப்பணியையும் மறுநிறுவலையும் குறிப்பிடுகின்றன. மராட்டிய அதிகாரிகளின் துணையோடு இப்பணி நிறைவேறியது. எந்தப் படையின் வருகையால் திருமேனி வெளியேறியதோ அந்தப் படையில் பணியாற்றியவர் சாகச்சி. அவருடைய பெயரனின் ஆட்சியிலேயே அது திரும்பியது. அரசியல் அணிகள் மாறுந்தோறும் அச்சுறுத்துபவரும் காப்பவரும் இடம் மாறினர். சமயத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு இந்நிகழ்வுகளை விளக்க முற்படுவது போதாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1659-இல் அப்சல்கான் மேற்கொண்ட படையெடுப்பில் துளசாபுரத்துப் பவானி கோயிலும் பண்டரிபுரமும் ஊறுற்றதாகச் சபாசத் பகர் என்னும் மராட்டி வரலாற்றுநூல் கூறுகிறது. இந்நூல் 17-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், அரசர் இராசாராம் செஞ்சிக் கோட்டையில் தங்கியிருந்தபோது, அங்கேயே எழுதப்பட்டது. மராட்டிய நாட்டுக் கோயில்களின் இடர் பற்றிய முதன்மையான பதிவொன்று தமிழ் மண்ணில் உருவாயிற்று என்பது அறிஞர்களின் கவனத்திற்கு உரியது. அரசவைச் சார்பு உடைய நூலாதலின் அதன் செய்திகளை எச்சரிக்கையுடன் கொள்ளல் வேண்டும்.

மறைத்தலின் விலை

திருமேனியைப் பெயர்த்துக் காத்தல் எப்போதும் இனிதே முடியவில்லை. 1688-இல் முகலாயப் படைக்கு அஞ்சிக் காஞ்சிபுரத்துத் திருமேனிகள் உடையார்பாளையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அச்சம் நீங்கிய பின்னர் வரதராசர் திருமேனியைத் திருப்பித்தர உடையார்பாளையத்துப் பாளையக்காரர் இசையவில்லை. ஆத்தான் சீயரின் வேண்டுகோளை ஏற்றுத் தோடர்மால் என்னும் படைத்தலைவர் தலையிட்ட பின்னரே 1710-இல் திருமேனி காஞ்சியை அடைந்தது. வரதராசர் கோயிலில் உள்ள கல்வெட்டு இதனைத் தெரிவிக்கிறது. தோடர்மாலும் அவர் குடும்பத்தாரும் வணங்கி நிற்கும் உருவங்கள் இன்றும் அக்கோயிலில் உள்ளன. காஞ்சிப் பொற்காமாட்சியோ திரும்பவே இல்லை. சாகச்சியின் மகன் ஏகோசி நிறுவிய மராட்டிய அரசின் தலைநகரான தஞ்சையில் அவள் நிலைபெற்றாள். அத்திருமேனியைச் சுமந்துவந்த அருச்சகர் மரபில் தோன்றியவரே இசைமேதை சியாமா சாத்திரிகள்.

மண்ணுள் புதைத்தல் மற்றொரு முறை. திருவெண்காடு, எசாலம் முதலிய ஊர்களில் நிலத்தடியிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் திருப்பணிக்காக மண் தோண்டியபோது திருமேனிகளோடு நூற்றுக்கணக்கான தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. தெய்வ உருவங்களோடு திருமுறை ஏட்டையும் காக்க வேண்டும் என்று கருதியோர் அவற்றைப் புதைத்துள்ளனர். ஆனால் புதைத்த இடத்தை அறிந்தவர் அச்செய்தியை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற இயலாது போயிற்று. பொருள் காக்கப்பட்டது, பொருளைப் பற்றிய அறிவு அழிந்தது. புதையலாகக் கொண்டாடப்படும் ஒவ்வொரு கண்டுபிடிப்பின் பின்னும், திரும்பிவர இயலாமற்போன சிலருடைய முடிவு மறைந்துள்ளது.

இந்நிகழ்வுகளை ஒருங்கே நோக்கின், பழங்காலக் காவல் முறையின் அடிப்படை நம்பிக்கை வலையே என்பது புலனாகும். திருமேனியைச் சுமந்தோர், வழியில் உணவளித்தோர், தங்க இடம் தந்தோர், கண்டும் சொல்லாது இருந்தோர் எனப் பலர் இணைந்தே அது வெற்றி கண்டது. அவ்வலை அறுபட்ட இடத்தில் திருமேனி தங்கிய ஊரிலேயே தங்கிவிட்டது. அல்லது மண்ணுள் மறைந்தது.

திருமெய்காப்பும் ஊர்ப் பொறுப்பும்

அமைதிக் காலத்துக் காவலுக்கும் தமிழகத்தில் முறையான அமைப்பு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ‘திருமெய்காப்பு’ என்னும் பணியைக் குறிப்பிடுகின்றன. முதலாம் இராசராசன், சோழநாட்டின் பல ஊர்ச்சபைகளும் தத்தம் ஊரிலிருந்து திருமெய்காப்பாளரை அனுப்பவும், அவர்களுக்குரிய நெல்லை அவ்வூர்களே அளக்கவும் ஆணையிட்டான். ஊர்க்காவலுக்குரிய வரி ‘பாடிகாவல்’ எனப்பட்டது. பேரரசன் தன் படைவீரரைக் கொண்டே அக்கோயிலைக் காத்திருக்கலாம். அவ்வாறின்றி ஊர்தோறும் ஆள் அனுப்பச் செய்ததால், கோயிலின் காவல் பல ஊர்களின் பொறுப்பாகப் பகிரப்பட்டது. யார் எந்த ஊரார் என்பது சபைக்குத் தெரியும்; ஆகவே காவலர்க்குப் பிணையாக ஊரே நின்றது. காப்பவரை அறிந்த சமூகம் ஒன்று பின்னணியில் இருந்தது என்பதே இம்முறையின் சிறப்பு.

கொச்சி அரசு வேறொரு வகையில் இதற்கு எடுத்துக்காட்டாகும். 1568-இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரிப் பரதேசி யூதத் தொழுகைக்கூடம் அரண்மனைக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் அருகிலேயே அமைந்தது. 1662-இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்ற அக்கூடம் ஒல்லாந்தர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. மன்னன் தன் வாயிலருகே இடம் கொடுத்தமையே சிறுபான்மையோர்க்கு அவன் அளித்த காவலாயிற்று.

சட்டத்தின் காவல்

ஆங்கிலேயர் ஆட்சியில் வழிபாட்டிடக் காவல் பொதுச் சட்டத்தின் எல்லைக்குள் வந்தது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் சமயம் தொடர்பான குற்றங்களுக்கெனத் தனி இயலை வகுத்தது. அதன் 295-ஆம் பிரிவு வழிபாட்டிடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்துவதைக் குற்றமாக்கியது. 296-ஆம் பிரிவு வழிபாட்டிற்காகக் கூடிய கூட்டத்திற்கு இடையூறு செய்வதைக் குற்றமாக்கியது. இடமும் உருவமும் ஒருபுறம், கூடிய மக்கள் மறுபுறம் என இரண்டையும் சட்டம் பிரித்தறிந்தமை கவனிக்கத்தக்கது. 01.07.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதையிலும் 298, 300 ஆகிய பிரிவுகளாக இப்பாகுபாடு தொடர்கிறது.

அமிர்தசரசுப் பொற்கோயிலில் நேர்ந்த நிகழ்வுகளின் பின்னணியில் 1988-இல் சமய நிறுவனங்கள் (தவறான பயன்பாட்டைத் தடுத்தல்) சட்டம் இயற்றப்பட்டது. வழிபாட்டிடத்தில் படைக்கலம் சேர்த்தலையும், உரிய அனுமதியின்றிப் பதுங்குகுழி, கோபுரம், சுவர் முதலிய அரண்களை அமைத்தலையும் அது தடைசெய்கிறது. வழிபாட்டிடம் தன்னைத் தானே கோட்டையாக்கிக் கொள்ளலாகாது என்பது இதன் கருத்து. காவல் அரசின் கடமை. திறந்திருத்தல் வழிபாட்டிடத்தின் இயல்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறியே இன்றைய சிக்கலின் மையம்.

இலக்கு மாறிய காலம்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அச்சுறுத்தலின் இயல்பு மாறியது. முற்காலப் படையெடுப்பாளர் நாடியவை கோயிலின் செல்வமும், அரசுரிமையின் அடையாளமான திருமேனியுமாகும். புதிய வன்முறையின் இலக்கோ தொழுகைக்குக் கூடிய மக்கள். ஈழத்தில் 03.08.1990 அன்று காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த 100-க்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 09.07.1995 அன்று நவாலிப் புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் வான்குண்டுக்கு இரையாயினர். இந்தியாவில் 2002-இல் காந்திநகர் அட்சர்தாம் கோயில், 2006-இல் வாரணாசி சங்கட மோசன் கோயில், அதே ஆண்டு மராட்டிய மாநிலத்து மாலேகாவ் பள்ளிவாசல், 2007-இல் ஐதராபாத்து மக்கா மசூதி, அசுமீர் தர்கா என எல்லாச் சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. உற்சவரைச் சுமந்து செல்லலாம்; கூட்டத்தைச் சுமந்து செல்ல இயலாது. மக்கள் கூடுவதற்காகவே அமைந்த இடத்தைக் கூட்டமின்றிக் காத்துப் பயனில்லை. பழைய காவல் முறைகளான பெயர்த்தலும் மறைத்தலும் இங்குப் பொருந்தாமற் போயின.

புனேயில் இம்மாற்றத்தை இரு இடங்களில் காணலாம். முதலாவது, நகரின் பாசறைப் பகுதியில் உள்ள ஓகெல் தாவீது யூதத் தொழுகைக்கூடம். பாக்தாத்தில் பிறந்து பம்பாயில் வணிகராக உயர்ந்த தாவீது சாசூன் கட்டுவித்த இக்கூடத்தின் பணி 1863-இல் தொடங்கி 1867-இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 90 அடி உயரக் கோபுரம் உடைய இச்செங்கற் கட்டடத்தைப் புனே மக்கள் ‘லால் தேவல்’, அதாவது செங்கோயில், என்று தம் மொழியிலேயே அழைக்கின்றனர். 1864-இல் மறைந்த சாசூனின் கல்லறையும் அவ்வளாகத்தில் உள்ளது. அயலார் சமயத்தின் தொழுகைக்கூடத்திற்குத் ‘தேவல்’ என்று பெயரிட்ட ஊர், அதனைத் தன்னுடைய கோயில்களுள் ஒன்றாகவே கொண்டது. ஐரோப்பாவின் பல நகரங்களில் யூதர் துன்புறுத்தப்பட்ட காலங்களிலும் இக்கூடம் அச்சமின்றித் திறந்திருந்தது.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நரிமன் இல்லத்து யூத மையம் குறிவைக்கப்பட்ட பின் இந்நிலை மாறியது. அத்தாக்குதலுக்கு உளவு பார்த்த தாவீது எட்லி, 2009 மார்ச்சில் இந்தியாவின் பல நகரங்களில் சபாத் யூத மையங்களை வேவுபார்த்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதன்பின் செங்கோயிலின் வாயிலில் காவல் வலுப்படுத்தப்பட்டது; அயலார் முன் இசைவும் அடையாளச் சான்றும் இன்றி உள்நுழைதல் அரிதாயிற்று. மக்கள் உரிமையோடு பெயரிட்ட இடம், மக்கள் வாயிலில் நின்று விடை சொல்லவேண்டிய இடமாயிற்று. இத்தகைய காவல் தவிர்க்க இயலாதது. ஆயினும் அதனால் நேரும் இழப்பையும் வரலாறு குறித்துவைத்தல் வேண்டும்.

பூ விற்பவரின் காவல்

இரண்டாவது இடம், புதவார் பேட்டையில் உள்ள தகடூசேட் அல்வாய் கணபதி கோயில். இனிப்பு வணிகரான தகடூசேட் 1893-இல் நிறுவிய கணபதி, திலகர் பரப்பிய பொது விநாயகர் விழாவோடு சேர்ந்து வளர்ந்தது. நெருக்கமான கடைத்தெருவின் ஓரத்திலேயே கோயில் அமைந்துள்ளது. சாலையில் செல்வோரும் நின்ற இடத்திலிருந்தே கணபதியைக் கண்டு வணங்கலாம். இவ்வெளிப்படைத் தன்மையே அதன் சிறப்பு. பாதுகாப்பு நோக்கில் அதன் வலுவின்மையும் அதுவே.

13.02.2010 அன்று மாலை, புனே கோரேகாவ் பூங்காப் பகுதியில் சபாத் யூத மையத்திற்கு அருகில் இருந்த செருமன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் மாண்டனர். அதே நாளில் தகடூசேட் கணபதி கோயிலருகிலும் குண்டு வைக்கும் முயற்சி நிகழ்ந்ததாகப் புலனாய்வுத் துறையினர் 2011-இன் இறுதியில் கூறினர். ஒருவர் கோயிலருகே பூ விற்பவரிடம் பையொன்றை வைத்துச்செல்ல முயன்றதாகவும், பூ விற்பவர் அதற்கு இணங்காமையால் முயற்சி நிறைவேறவில்லை என்றும் அவர்கள் தெரிவித்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் 2012-இல் எரவாடாச் சிறையில் சக கைதிகளால் கொல்லப்பட்டமையால், இக்கூற்று நீதிமன்றத்தில் நிறுவப்படவோ மறுக்கப்படவோ இல்லை. 10.07.2014 அன்று அக்கோயிலுக்கு அணித்தேயுள்ள பராசுகானாக் காவல்நிலைய வாகன நிறுத்தத்தில் குண்டு வெடித்ததும் இங்கு நினைக்கத்தக்கது. காவல்நிலையத்தின் அருகாமை மட்டுமே காவலாகிவிடாது என்பதை அது உணர்த்திற்று.

பூ விற்பவர் பற்றிய கூற்று மெய்யாயின், அது காவல் மரபின் நுட்பமொன்றை விளக்குகிறது. அன்று அங்கு வேலை செய்தது நாள்தோறும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவர்க்கு இயல்பாக அமையும் இடஅறிவு. எந்தப் பொருள் அவ்விடத்துக்கு உரியது, எது உரியதன்று என்பதைக் கோயில் வாயிற் கடைக்காரர் போல் அறிந்தவர் இலர். தேங்காய்க்கடைக்காரர், செருப்புக் காப்பவர், மாலை தொடுப்பவர் ஆகியோர் கோயிலின் ஊழியர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் பழைய திருமெய்காப்பின் பணியில் ஒரு பகுதி இவர்களிடமே எஞ்சியுள்ளது.

ஈழத்து மட்டக்களப்பு நிகழ்ச்சி இதற்கு வலுவூட்டுகிறது. 21.04.2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்திற்குப் பையுடன் வந்த புதியவரைச் சபையைச் சார்ந்த ஒருவர் வாயிலில் நிறுத்தி வினவினார். தொழுகைக் கூடத்துள் செல்ல விடவில்லை. குண்டு முற்றத்தில் வெடித்தது. தடுத்தவரும், ஞாயிறுப் பள்ளி முடிந்து வெளியே நின்ற குழந்தைகள் உட்படப் பலரும் உயிரிழந்தனர். கூடத்தினுள் நிரம்பியிருந்தோர் பலர் தப்பினர். கொழும்புக் கொச்சிக்கடை, நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி ஆகிய இடங்களில் குண்டுதாரிகள் தேவாலயத்தினுள்ளேயே சென்றனர். வாயிலில் கேட்கப்பட்ட ஓரிரு வினாக்கள் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கும் என்பதற்கு இவ்வொப்பீடு துயரமான சான்று. அவ்வாறு வினவியவர் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்பதை மறத்தலாகாது. குடிமக்களின் விழிப்பைப் போற்றுவது, அரசின் கடமையை அவர்கள் தலையில் ஏற்றுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

விழிப்பும் ஐயமும்

இடஅறிவின் வழிப்பட்ட விழிப்பு வேறு. இனம், உடை, பெயர் ஆகியன பற்றி எழும் ஐயம் வேறு. பின்னது காவலின் பெயரால் புதிய அநீதிக்கு வழிவகுக்கும். 2006 மாலேகாவ்க் குண்டுவெடிப்பில் மாண்டவர் பெரும்பாலோர் தொழுகை முடித்து வெளிவந்த முசுலிம்கள். முதலில் கைதுசெய்யப்பட்டவரும் அவ்வூர் முசுலிம் ஆடவரே. பல்லாண்டுச் சிறைவாழ்வுக்குப் பின், அவர்களுக்கு எதிரான சான்று போதாதென 2016-இல் நீதிமன்றம் விடுவித்தது. அட்சர்தாம் வழக்கில் தண்டிக்கப்பட்ட அறுவரை உச்சநீதிமன்றம் 16.05.2014 அன்று விடுதலை செய்தது. புனே செருமன் பேக்கரி வழக்கில் மரண தண்டனை பெற்றவரையும், குண்டுவெடிப்புக்கான முதன்மைக் குற்றங்களிலிருந்து பம்பாய் உயர்நீதிமன்றம் 2016-இல் விடுவித்தது. வெடிபொருள் வைத்திருந்த குற்றம் நிலைநிறுத்தப்பட்டது.

தவறான ஐயம் இருவகைக் கேட்டைத் தருகிறது. குற்றமற்றவர் வாழ்வு சிதைகிறது. உண்மைக் குற்றவாளி அறியப்படாது போகிறான். மூன்றாவதாக ஒரு கேடும் உண்டு. ஐயத்துக்கு உள்ளான சமூகம் காவல்துறையிடம் செய்தி சொல்லத் தயங்குகிறது. முற்காலத்தில் திருமேனியைக் காத்த நம்பிக்கை வலை எதுவோ, அதுவே இங்கு அறுபடுகிறது. புனேயின் பூ விற்பவர் பற்றிய செய்தியில் அவர் மறுத்ததாகக் கூறப்படுவது உரியவர் இன்றிக் கிடக்கவிருந்த ஒரு பையை. ஆளின் தோற்றமன்றி அவ்விடத்துக்குப் பொருந்தாத செயலே மறுப்புக்குக் காரணம். இவ்வேறுபாடு காவற்பயிற்சியில் முதற்பாடமாக அமைதல் தகும்.

புனேயின் விநாயகர் விழா இத்தகைய விழிப்புக்கு இயல்பான களம் தருகிறது. பேட்டைதோறும் மண்டல்கள் எனப்படும் விழாக்குழுக்கள் உள்ளன. அவற்றின் தொண்டர்கள் அவ்வப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள். கரைப்பு ஊர்வலம் ஒரு நாளையும் கடந்து நீள்வதுண்டு. அத்துணைப் பெருங்கூட்டத்தைக் காவல்துறை மட்டும் தனித்து நெறிப்படுத்த இயலாது. தொண்டர்களின் துணையோடுதான் அது நடைபெறுகிறது. கண்காணிப்புக் கருவிகளும் உலோகம் அறியும் வாயில்களும் இன்று பெருகியுள்ளன. அவை காண்பதைப் பதிவுசெய்யும். பொருந்தாததைப் பொருந்தாதது என்று அறிவதற்கு அவ்விடத்தை அறிந்த மனிதர் வேண்டும்.

முடிவுரை

முற்காலத்தில் வழிபாட்டிடக் காவல் திருமேனியை நடுவாகக் கொண்டது. பெயர்த்தல், மறைத்தல், புதைத்தல் ஆகியன அதன் வழிகள். தில்லை, காஞ்சி, சீர்காழி நிகழ்வுகள் அம்முறைகளின் வெற்றியையும் இழப்பையும் ஒருங்கே காட்டுகின்றன. புனேயையும் செஞ்சியையும் இணைக்கும் 17-ஆம் நூற்றாண்டு வரலாறு, அச்சுறுத்துபவரும் காப்பவரும் நிலையான இரு சமய அணிகளாக இருந்ததில்லை என்பதை உணர்த்துகிறது.

இக்காலத்தில் இலக்கு திருமேனியினின்று அடியாருக்கு மாறிவிட்டது. கூட்டத்தைப் பெயர்க்கவோ மறைக்கவோ இயலாமையால், வாயிலே காவலின் இடமாயிற்று. வாயிலை அடைத்தால் வழிபாட்டிடம் தன் இயல்பை இழக்கும். காவாது விட்டால் உயிர்களை இழக்க நேரும். செங்கோயிலின் இன்றைய நிலை இந்த இக்கட்டைக் காட்டுகிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த எல்லையும் இதையொட்டியதே.

இவ்விரு காலங்களிலும் மாறாது நின்றது, இடத்தை அறிந்த எளிய மக்களின் பங்கு. உற்சவரைச் சுமந்தோர், ஊர்கள் அனுப்பிய திருமெய்காப்பாளர், புனேக் கோயில் வாயிலில் பூ விற்பவர், மட்டக்களப்பில் வாயிலை மறித்து நின்றவர் ஆகியோர் ஒரே மரபின் பல நிலைகளாவர். கல்வெட்டுகள் திருமெய்காப்பாளர்க்கு அளக்கவேண்டிய நெல்லையும் அதனை அளக்கும் ஊரையும் பதிந்துவைத்தன. இன்று வாயிலில் அமர்ந்திருப்போர்க்கு அத்தகைய பதிவோ ஊதியமோ இல்லை. ஆக்கிரமிப்பாளர் என்று அகற்றப்படும் நிலையிலேயே அவர்களுட் பலர் உள்ளனர். வழிபாட்டிடப் பாதுகாப்பைத் திட்டமிடுவோர் அவர்களைக் காவலின் உறுப்பாகக் கருதி இடமளித்தல் வேண்டும். கோயில் வாயிற் கடைகள், விழாக்குழுக்கள், வேற்றுச் சமயத்து அண்டை வீட்டார் ஆகியோர் பற்றிய வாய்மொழி வரலாறுகளை நகரந்தோறும் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.